கோர்க் ஒழுங்கையில் ஒரு முதுகு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதியிருக்கிறேன், கட்டுரை எழுதியதில்லை. "அயர்லாந்து போய் வந்தனீங்கள் அன்ரி, எங்கட சங்கத்து மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். இல்லையென்றால் கூட்டத்தில் எழும்பி நின்று பேச வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் எழும்பிப் பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். சொல் சரியாக வராது. இடங்களின் பெயர் மறந்து போகிறது, நாள் முன்னே பின்னே ஆகிறது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

மகள் வசுகிக்கு டப்ளினில் வேலை சம்பந்தமாக இரண்டு நாள் கூட்டம். "நீங்களும் வாங்கோ அம்மா, இடங்கள் பாக்கலாம்" என்றாள். நான் இடம் பார்க்கப் போகவில்லை. அவளுக்கும் அது தெரியும். கேட்கவில்லை.

என்ர மகன் குகன் கோர்க் என்ற பட்டினத்தில் ஒரு பப்பின் குசினியில் சமையல் வேலை செய்தவன். பப் என்றால் எங்கட ஊர்த் தவறணைதான், குடிக்கிற இடம். படிக்கவென்று அயர்லாந்து போனவன், அப்படியே தங்கிவிட்டான். நான் மகளோடு சிட்னிக்கு, ஹோம்புஷ் வந்துவிட்டேன். ஒஸ்ரேலியாவுக்கு வர இரண்டு தரம் விசா கேட்டான், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். பிறகு கொரோனா வந்தது. அந்தக் காலத்தில் நெஞ்சு நோவென்று படுத்தவன் எழும்பவில்லை. கலியாணம் கட்டாதவன். இங்கேயிருந்து ஒருத்தரும் நாட்டை விட்டுப் போக ஏலாது. அங்கே செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் நிற்க ஏலாது. கொம்பியூட்டரில் பார்த்தோம்.

கமரா பின்னுக்கு இருந்தது. பெட்டி தெரிந்தது, தள்ளித் தள்ளிப் போட்ட கதிரைகளில் பத்து முதுகு தெரிந்தது. கடைசியில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு எழும்பிப் பெட்டியடிக்குப் போனது. அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. சாம்பல் பிறகு பெட்டியில் சிட்னிக்கு வந்தது, கடலில் கரைத்தோம். கொள்ளி வைத்தது யார் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

சிட்னியிலும் நெருப்பு வைப்பதில்லை, பட்டன் அமத்துகிறதுதான். உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பட்டன் அமத்தின மகனைத் தோளில் பிடித்து, "திரும்பிப் பாராதே தம்பி" என்று சொல்லித்தான் வெளியே கூட்டி வருகிறோம். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்த்தால் போகிற உயிர் போகாமல் நின்றுவிடும் என்பார்கள். அந்தப் பச்சைக் கோட்டு யார், அவர் திரும்பிப் பார்த்தாரா. இந்த இரண்டையும் அறியத்தான் நான் போனேன். மகளிடம் முன்னம் ஒருக்கா, பச்சைக் கோட்டு ஆர் என்று மட்டும் கேட்டேன். "அங்கத்தே ஆக்கள் எல்லாம் முறையாச் செய்தவை அம்மா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

டப்ளினில் முதல் நாள் மகள் கூட்டத்துக்குப் போக, நான் ஹொட்டேல் சன்னலடியில் இருந்தேன். மழை. எதிரே ஒரு தவறணை. வாசலில் பூச்சட்டி தொங்கவிட்டு, கதவுக்குச் சிவப்புப் பூசிக் கோயில் வாசல் மாதிரி வைத்திருந்தார்கள். என்னிலும் வயது கூடின மனுசி ஒருத்தி மரக்கறி வண்டிலை இழுத்துக்கொண்டு உள்ளே போனா. ஒரு பெட்டை கைக்குழந்தையோடு போனாள். பொலிஸ் வரும், சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவர் வந்தவர் எல்லாரின் முதுகையும் பார்த்தேன். பச்சைக் கோட்டு அந்த ஊரில் மலிவு. பதினொன்றுவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் கூட்டம் மத்தியானத்தோடு முடிந்தது. நடந்தோம். றோட்டோரத்துக் கறண்டுப் பெட்டிகளுக்குக்கூடப் படம் கீறியிருக்கிறார்கள். ஒன்றில் மீன், ஒன்றில் சைக்கிள், ஒன்றில் தொப்பி போட்ட நரி. ஒரு வீட்டின் பக்கச் சுவர் முழுக்க ஒரு கிழவியின் முகம், மூன்று மாடி உயரம். அவவின் கண்ணுக்குள்ளே ஒரு சன்னல். அதற்குள் யாரோ விளக்குப் போட்டார்கள். மெல்பேர்னுக்குப் போனபோது கிரான்பர்னில் இருக்கிற மச்சாளின் மகள் இப்படிப் படம் கீறின ஒழுங்கைக்குக் கூட்டிப் போனவள். அங்கே ஒன்றுக்கு மேலே ஒன்றாய்ப் பூசி, எது யார் கீறினது என்றே தெரியாது. "நேற்றைய படத்தை இன்றைக்குத் தேட ஏலாது அன்ரி, மேல பூசிப்போடுவினம்" என்றாள். அது எனக்குள் கிடந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

பசித்தது. மகள் ஒரு தவறணைக்குள் நுழைந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"அம்மா, சூப் குடிக்கத்தான். உங்களுக்கு ஒருத்தரும் ஊத்தித் தரமாட்டினம், வாங்கோ."

"ஆராவது எங்கட ஆக்கள் கண்டால்?"

"டப்ளினில உங்களைத் தேடி ஆர் வரப்போயினம்?"

சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே இருட்டு. அடுப்பில் அந்த ஊரில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற ஏதோ மண்கட்டி எரிந்து, மழைக்குள் நனைந்த விறகு மாதிரி மணந்தது. உருளைக்கிழங்கையும் கோவா இலையையும் மசித்து, நடுவிலே பட்டர் குழி வைத்துத் தந்தார்கள். உறைப்பு மட்டும் இல்லை, மற்றப்படி எங்கட சாப்பாடு மாதிரித்தான். தேத்தண்ணி நல்ல சாயம். சிட்னியில் இத்தனை வருசம் கேட்டும் கிடைக்காத சாயம். குகன் போனில், "தேத்தண்ணிக்கு மட்டும் குறையில்லை அம்மா" என்று சொல்லுவான். எங்கே நின்று குடித்தான் என்று சொன்னதில்லை.

மூன்றாம் நாள் கோர்க்குக்கு ரெயின் ஏறினோம். அங்கே இருக்கைக்கு மேலே சின்ன வெளிச்சப் பலகையில் பயணியின் பெயர் ஓடுகிறது. எங்கள் பெயர் ஓடின இடத்தில் இரண்டு தடித்த மனுசர் இருந்து சீட்டு விளையாடினார்கள். மகள் பலகையைக் காட்டினாள். ஒருத்தர் நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பெயரை வாசித்து முடிக்க முன்னம் கோர்க் வந்துவிடும்" என்று சொல்லி எழும்பி இடம் தந்தார். மற்றவர் என்னுடைய பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். இறங்கும்போது அந்தப் பெட்டியை விட்டுவிட்டு இறங்கிவிட்டோம். மகள் திரும்ப ஓடி எடுத்து வந்தாள். கொண்டுபோன முறுக்குப் போனாலும் எனக்குப் பரவாயில்லை. அதற்குள் குகனின் படம் இருந்தது. போட்டு வாறன் அம்மா என்று சொல்லிக் கொழும்பு எயார்போட்டில் நிற்கிற படம்.

ஸ்ரேசனில் ரக்சி எடுத்தோம். சாரதி வயதான மனுசன், கதைப்பிரியர். அவர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வந்தாள்.

"சிட்னியா? என்ர மகன் அங்கேதான், கட்டட வேலை. ஆறு வருசம் இந்தப் பக்கமே வரவில்லை. இவ்வளவு மழையை விட்டுவிட்டு எவன் போவான், நீங்களே சொல்லுங்கள்."

மகள் சிரித்தாள். "அம்மாவின் மகன் இங்கே கோர்க்கில் இருந்தவர்."

"அப்படியென்றால் கணக்குச் சரி. நாங்கள் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்திருக்கிறோம். உங்கள் ஆள் இன்னும் இங்கேதானே?"

மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னேன், "யெஸ்". மனுசனுக்குச் சந்தோசம். இறங்கும்போது, "சிட்னியில் என்ர பெடியனைக் கண்டால் தாயோடு கதைக்கச் சொல்லுங்கள்" என்றார். பெயரும் சொன்னார். அந்தப் பெயரையும் மறந்துவிட்டேன். ஒரு தாய்க்காகச் சொல்லவேண்டிய செய்தி என்னிடம் கிடந்து கெட்டுப்போனது.

கோர்க் மலையும் ஆறுமாக இருக்கிற ஊர். ஆறு இரண்டாகப் பிரிந்து ஊரை நடுவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. பாலம், ஏற்றம், திரும்பப் பாலம். மலைமேல் ஒரு தேவாலயம், அதன் கோபுரத்தில் நாலு பக்கமும் மணிக்கூடு. நாங்கள் கீழே நின்று பார்த்தபோது ஒரு பக்கத்து நேரமும் மறு பக்கத்து நேரமும் ஒத்துவரவில்லை. மகள் படம் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குகன் எங்களோடு கதைக்கும்போதெல்லாம், "உங்களுக்கு இப்ப என்ன நேரம் அம்மா?" என்றுதான் தொடங்குவான்.

நாலாம் நாள் அவன் வேலை செய்த தவறணைக்குப் போனோம். பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். முதலாளி டெக்லன், ஐம்பது வயதுக்கு மேலே, நெடுவல். மகள் முன்னமே போன் பண்ணியிருந்தபடியால் வாசலில் நின்றார். என்ர கையை இரண்டு கையாலும் பிடித்தார். எங்களை மூலைக் கதிரையில் இருத்திவிட்டு, கறுப்பாய், மேலே வெள்ளை நுரை நிற்கிற கிளாஸ் ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

எங்கட எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல், உங்களுக்குத் தெரியும். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது எல்லாம் படைப்போம். கொஞ்சம் சாராயமும் மறைத்து வைப்போம். குகனுக்கு அதுவும் செய்யவில்லை. இந்த மனுசன் செய்கிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினேன். விரலால் தண்ணீர் தொட்டுக் கிளாசைச் சுற்றி விட்டேன். கைகூப்பிக் கண்ணை மூடித் தேவாரம் சொன்னேன், முணுமுணுப்பாகத்தான். கண்ணைத் திறந்தால் டெக்லன் தலை குனிந்து நிற்கிறார். அடுத்த மேசைக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். மகள் முகம் சிவந்து இருந்தாள்.

"அம்மா, அது எனக்கு. நான்தான் கேட்டனான்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. மகள் விசயத்தைச் சொன்னாள். டெக்லன் கிளாசை எடுத்து அடுப்புக்கு மேலே பலகைத் தட்டில் வைத்தார். "இது இனி அவனுடையது, ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றார். மகளுக்கு வேறொன்று வந்தது.

"அவன் குடிக்கிறவனோ எண்டு கேள்" என்றேன்.

மகள் கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை வேலை முடிய ஒண்டாம் அம்மா."

"ஒண்டு மட்டுமோ?"

அதை அவள் சொல்ல, அடுத்த மேசையில் ஒரு கிழவர் இருமினார். டெக்லன் அவரைப் பார்த்துவிட்டு, "ஒன்று, அல்லது அதற்குக் கிட்ட" என்றார்.

பிறகு குசினிக் கதவால் பின்பக்க ஒழுங்கைக்குக் கூட்டிப் போனார். இதைத்தான் முன்னம் சொல்லாமல் விட்டேன். அவன் போன அடுத்த வருசம், டெக்லனின் அண்ணன் மகள் அந்தச் சுவரில் அவனைக் கீறியிருக்கிறாள். மகளின் சிநேகிதி ஒருத்தி சொல்லி எங்களுக்கு அண்மையில்தான் தெரியும். கட்டடம் விலைப்பட்டுவிட்டது, வாங்கினவர் சுவரை என்ன செய்வாரோ தெரியாது என்றும் சொன்னாள். அதனால்தான் மகள் இந்தக் கூட்டத்துக்கு ஓம் என்றவள்.

ஒழுங்கை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக ஏலாத ஒடுக்கம். குப்பைத் தொட்டிகள், பீர் பீப்பாக்கள், மழை வடிகிற சுவர். அந்தச் சுவரில் வெள்ளை ஏப்ரன் கட்டின ஒருத்தன் நிற்கிறான். முதுகுதான். முகம் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், தோளில் துவாய் கிடக்கிறது. பிடரியில் சுழி, இடக்காதுக்குக் கீழே மச்சம். மச்சத்தைக்கூட விடவில்லை அந்தப் பிள்ளை.

"முகத்தைக் கீறாமல் விட்டதுக்கு மன்னிக்க வேண்டும்" என்று டெக்லன் சொன்னார். "கமராவைக் கண்டால் திரும்பிவிடுவான். எங்களிடம் இருந்தது இந்த ஒரு படம்தான். வாடிக்கைக்காரர்களுக்கும் குசினிச் சன்னலால் தெரிந்தது இந்த முதுகுதான்."

கூச்சக்காரன். என்னைப்போல. நான் சுவரில் கைவைத்தேன், தோளடியில். ஈரம்.

மகள் அழுதாள். நான் அழவில்லை, கேட்கவேண்டியதைக் கேட்டேன். பச்சைக் கோட்டு ஆர்?

டெக்லனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, "நோரா" என்றார். "எங்களுக்குச் சட்டி பானை கழுவினவ. பச்சை இல்லை, நீலம் என்று நினைக்கிறேன்."

பொம்பிளை. எங்களில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் நோராவின் வீட்டுக்குப் போனோம். அந்த ஏற்றத்தை ஏற நாலு இடத்தில் நின்றேன். ஒரு அறையும் குசினியுமான வீடு. எண்பதுக்குக் கிட்ட வயது, கைவிரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிப் போய் முடிச்சு முடிச்சாக. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. கதவுக்குப் பின்னே ஆணியில் கோட்டுத் தொங்கியது. கடும் நீலம். அதுவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசம் பச்சை என்று வைத்திருந்த மனம் நீலத்துக்கு இடம் தரவில்லை.

நான் ஆரிடமும் இதுவேண்டும் என்று கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"பிள்ளை, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கால திரும்பி நிக்கச் சொல்லு."

"அம்மா, வயது போன மனுசி."

"கேள்."

மகள் கேட்டாள். நோரா எழும்பினா. ஏன் என்று கேட்கவில்லை. கோட்டைப் போட்டு, பட்டன் பூட்டி, சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா. வலத் தோள் கொஞ்சம் பதிந்திருந்தது.

அதுதான். அதே முதுகுதான்.

நோரா இருந்துகொண்டு சொன்னா, மகள் தமிழில் சொன்னாள். "செத்தவீடு நடத்தின கறுப்புக் கோட்டுக்காரர், உறவினர் யாராவது பட்டனை அமத்த விரும்பினால் வரலாம் என்றார். ஒருத்தரும் எழும்பவில்லை. டெக்லன் அழுதுகொண்டிருந்தான், பிரயோசனமில்லை. நான் வயதில் மூத்தவள். போனேன். உங்கட மந்திரம் தெரியாது, எங்கட செபத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரன் செத்தபோது மூன்று நாள் இந்தப் பெடியன் என்ர சட்டிகளையும் சேர்த்துக் கழுவினவன், ஒருத்தருக்கும் சொல்லவில்லை."

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. மகளுக்கு இந்த முறைகள் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. "அமத்தினாப் பிறகு திரும்பிப் பாத்தவவோ எண்டு கேள்" என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"ஓம் அம்மா. திரை மூடிற வரைக்கும் அங்கேயே நிண்டு பாத்தவவாம். கதவடிக்குப் போய் இன்னொருக்காத் திரும்பியும் பாத்தவவாம். தாய் பாக்கிற மாதிரி ஒருத்தராவது பாக்கவேணும் எண்டு நினைச்சாவாம்."

நோரா என்ர முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டா.

"தான் செய்தது பிழையோ எண்டு கேக்கிறா அம்மா."

எனக்குத் தெரிந்த முறைப்படி பிழை. ஒருக்கா இல்லை, இரண்டு தரம். என்ர பிள்ளை போகமாட்டாமல் அந்தக் கதவடியில் நிற்கிறானோ என்று பயம் பிடித்துவிட்டது. அந்த மனுசியின் முடிச்சு விழுந்த கை மேசையில் கிடந்தது. அதைப் பிடித்தேன்.

"சரியாத்தான் செய்திருக்கிறா எண்டு சொல்லு."

இறங்கி வரும்போது மகள், "ஏனம்மா அப்பிடிக் கேட்டனீங்கள்?" என்றாள். சும்மா என்றேன். பின்னேரம் துறைமுகப் பக்கம் கூட்டிப் போனாள். மேட்டிலே கலர் கலராய் வீடுகள், அந்தக் காலத்தில் சனம் கப்பலேறிப் போன இடமாம். அங்காலே தண்ணீருக்குள் ஒரு சின்னத் தீவு, அதிலேதான் குகனை எரித்தார்கள். நல்ல வடிவான இடம் என்று எழுதவேண்டும். வடிவுதான். நான் கனநேரம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்புகிற நாள் காலமை ரெயினுக்கு முன்னம் ஒழுங்கைக்குத் தனியப் போனேன். மகள் ஒழுங்கை திரும்புகிற முடக்கில் நின்றாள். மழைக்குள் அவன் அப்படியே நின்றான், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. தம்பி, என்று கூப்பிட்டேன். மூன்று தரம் கூப்பிட்டேன். நோரா அவனைத் திரும்பிப் பார்த்தா. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன்பாட்டில் நின்றான். அதை நான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். போகிறவன் திரும்பாவிட்டால் போதும்தானே. ஐயரிடம் கேட்கலாம், வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவும்தான். ஒழுங்கையின் பெயரும் பாலத்தின் பெயரும் மகளிடம் இருக்கிறது, மலரை அச்சடிக்க முன்னம் ஆராவது அவளிடம் கேட்டுச் சரி பாருங்கோ. மச்சம் இடக்காதுக்குக் கீழேதான் என்று எழுதியிருக்கிறேன், அதையும் பாருங்கோ. உங்கட பிள்ளைகள் ஆராவது கோர்க்குக்குப் போனால், அந்தச் சுவரில் மேலே பூசிவிட்டார்களா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கோ. பூசாவிட்டால், அவன் இன்னும் அந்தப் பக்கம் பார்த்தபடிதான் நிற்கிறானா என்றும்.